அம்மா போடாத கையெழுத்து

அத்தியாயம் 14

ஒரே ஒரு கையெழுத்துதான். அதைப் போடாமல் வேலுத்தாய் நான்கு நாளாக இழுத்தடித்துக்கொண்டிருந்தாள்.

மாட்டேன் என்று வாயைத் திறந்து சொல்லியிருந்தாலாவது ஒரு சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். அவள் அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் கண் தெரியவில்லை என்றாள். மறுநாள் கை நடுங்குகிறது என்றாள். மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டிக்குக் கழிச்சல் என்று விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பிவிட்டாள். நேற்று ஒரு சாக்குக்கூடச் சொல்லாமல் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

கோழிக்கோட்டுக் கால்பந்து கிளப் ஒன்றிலிருந்து இந்துஜாவுக்கு ஒப்பந்தம் வந்த சேதி, புதூருக்கு மேற்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் இப்போது பழசாகிவிட்டது. அவள் அப்பா சங்கரபாண்டியன் சொல்லாத ஆள் கிடையாது. டீக்கடையில் சொன்னார், ரேஷன் கடை வரிசையில் சொன்னார், கேட்க ஆள் இல்லாதபோது தன் நூற்றிருபது செம்மறிகளிடமும் சொல்லியிருப்பார். சென்னையில் இரண்டு சீசன் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போன பெண்ணுக்கு, மூன்று வருட ஒப்பந்தம் என்றால் சும்மாவா?

கிளப்புக்கு வேண்டியது இருபத்தொரு வயதுக்கு உட்பட்ட ஒரு கோல்கீப்பர். சின்ன வயதில் எடுத்து, மூன்று வருடம் வளர்த்து, பிறகு முதல் அணியில் நிறுத்துவது அவர்கள் கணக்கு. இந்துஜாவுக்கு இருபது முடிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

ஒப்பந்தத்தோடு ஒரு தாள் வந்திருந்தது. 'எங்கள் மகள் இந்துஜா 10.7.2006 அன்று பிறந்தவள்' என்று அப்பாவும் அம்மாவும் கையெழுத்திட்டுத் தர வேண்டும். கூடவே, கையால் எழுதிய பழைய பிறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக கம்ப்யூட்டரில் எடுத்த புதுச் சான்றிதழ் வேண்டும். இன்று மாலை ஐந்து மணிதான் கடைசி.

"யம்மா, அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். உன் பேரு எழுத உனக்குத் தெரியும்லா?"

"தெரியும்."

"பெறகு என்ன?"

வேலுத்தாய் கழுவிய சட்டியையே மறுபடியும் கழுவினாள். "நீ கோயில்பட்டி போயி அந்தக் காயிதத்தை வாங்கிட்டு வா. பெறகு பாப்போம்."

"நான் வந்ததும் போட்டுருவியா?"

"போயிட்டு வா, போ."

வாசலில் டிவிஎஸ் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த சங்கரபாண்டியன் சிரித்தார். "அவளுக்குப் பயம்ட்டி. மக தூரமாப் போறாளேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிடுது." சொல்லிவிட்டு, துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைத்தார். "ஏட்டி, பழைய காயிதமே போதாதா? இத்தனை வருஷம் எல்லா இடத்துலயும் அதைத்தான காட்டுனோம்? நீ சொல்லிப் பாரேன்."

இதை அவர் நேற்றும் ஒரு தடவை கேட்டிருந்தார். இந்துஜாவுக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "புதுசுதான் வேணுங்காவ" என்று சொல்லிவிட்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

*

எட்டயபுரத்தில் மாறி, கோவில்பட்டி போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால்.

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவில் இருந்த அலுவலரின் பெயர் ராதாமணி. மேசை மேல் பெயர்ப்பலகை இருந்தது. இந்துஜாவின் ஆறடி உயரத்தையும் தோளில் தொங்கிய பையையும் பார்த்ததும் கேட்டாள்: "ஹாக்கியா?"

ஹாக்கிக்குப் பேர்போன கோவில்பட்டியில் விளையாட்டுப் பையோடு யாரைப் பார்த்தாலும் இந்தக் கேள்விதான். இந்த ஊர்க்காரர்களுக்கு மட்டை இல்லாமல் ஒரு பந்து இருக்க முடியும் என்பதையே நம்ப வைக்க முடியாது.

"இல்லக்கா. ஃபுட்பால். கோல்கீப்பர்."

"ஃபுட்பாலா?" ராதாமணி அனுதாபத்தோடு தலையை ஆட்டினாள். "சரி, பரவால்ல. அப்பா பேரு?"

"சங்கரபாண்டியன்."

"அம்மா?"

"வேலுத்தாய். பத்து, ஏழு, ரெண்டாயிரத்து ஆறு. இங்கன பெரியாஸ்பத்திரியிலதான் பிறந்தேன்."

ராதாமணி தட்டினாள். திரையைப் பார்த்தாள். இந்துஜாவைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் திரையைப் பார்த்தாள்.

"கூடப் பிறந்தது யாரும் உண்டாம்மா?"

"இல்லக்கா. நான் ஒத்தைப் பிள்ளை."

"ரெட்டையாப் பிறந்து ஒண்ணு தவறிப்போச்சோ?"

"அப்படி யாரும் சொன்னதில்லையே. ஏங்க்கா?"

ராதாமணி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, திரையைக் கொஞ்சம் இந்துஜா பக்கம் திருப்பினாள்.

இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரி பிறப்பு: 10.7.2006, பெண் குழந்தை ஒன்று. இரண்டாவது வரி இறப்பு: 20.8.2006, பெண் குழந்தை, வயது நாற்பத்தொரு நாள். இரண்டு வரியிலும் அதே சங்கரபாண்டியன், அதே வேலுத்தாய், அதே ஊர்.

"பிறந்தது ஒரு பிள்ளைன்னு இருக்கு தாயி. இறந்ததும் அந்தப் பிள்ளைதான் போல" என்றாள் ராதாமணி, குரலை இறக்கி. "உன் பேரு இந்தப் பிறப்புல பிற்பாடு ஏத்துனது. 2011 ஜூன் மாசம். முதல்ல பேரு இல்லாமத்தான் பதிஞ்சிருக்கு."

2011 ஜூன் மாதம் இந்துஜா ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள்.

அவளுடைய கை தன்னால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டது. எந்தப் பந்துக்கும் நடுங்காத கை. பெனால்டி என்றால் எதிர் அணிக்காரிகள் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிற பெண் அவள். இப்போது உட்கார இடம் தேடினாள்.

"உக்காரு தாயி. தண்ணி குடி. நான் எதையும் தப்பாச் சொல்லிறக் கூடாது. அம்மாட்ட போயிக் கேளு."

இந்துஜா தண்ணீர் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெண்டுக்கும் நகல் குடுங்கக்கா."

"ரெண்டுக்குமா?"

"ஆமாக்கா. ரெண்டுக்கும்."

*

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஆவணி வெயிலில் உழுது போட்ட கரிசல் நிலம் இரண்டு பக்கமும் வெடித்துக் கிடந்தது. மழைக்கு இன்னும் ஒரு மாதமாவது ஆகும்.

இந்துஜாவுக்கு முதலில் நினைவு வந்தது பிறந்தநாள்தான். ஒவ்வொரு ஜூலை பத்தாம் தேதியும் அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். விரதம் என்பாள். தன் பெயருக்கு, தன் நல்லதுக்கு அம்மா இருக்கிற விரதம் என்று ஹாஸ்டல் தோழிகளிடம் பெருமையடித்திருக்கிறாள். அந்தப் பட்டினி அவளுக்காக இருந்ததே இல்லை.

அடுத்து வந்த நினைவு இன்னும் மோசம்.

ஏழாம் வகுப்பு. விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வந்திருந்தார்கள். "பதினோரு வயசுல இந்த உயரமா! இந்தக் கை நீளத்தைப் பாருங்க!" என்று ஒருவர் வியந்து இன்னொருவரைக் கூப்பிட்டார். கோல்கீப்பர் இடத்துக்குக் கடைசியில் நின்றது இரண்டே பேர். இந்துஜா, நாலாட்டின்புதூரிலிருந்து வந்த மாடத்தி. மாடத்தி குள்ளம். ஆனால் பூனை மாதிரிப் பாய்வாள். இந்துஜாவை எடுத்துக்கொண்டு மாடத்தியை அனுப்பிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் மாடத்தி அழுத அழுகையை இந்துஜா மறந்ததில்லை. அப்போது பாவமாக இருந்தது. இப்போது, அந்தத் தேதிக்கு முன்பே தான் பிறந்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் வெட்கமாக இருந்தது.

அன்றைக்கு என்னைத் தேர்ந்தெடுத்தது என் கையா, அல்லது யாருக்கும் தெரியாமல் கூட இருந்த வயதா? இந்தக் கேள்வியை எட்டயபுரத்தில் இறங்கி மறு பஸ் ஏறும்வரை அவள் தனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஊர் நெருங்கும்போது, வழியெல்லாம் வந்த அழுகை நின்றிருந்தது. அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஆடு மேய்கிற காட்டுக்கு நடந்தாள்.

*

சங்கரபாண்டியன் ஒரு செம்மறியின் குளம்பில் ஏறிய முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார். மகள் வருகிற நடையைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் தலையைத் தூக்கவில்லை.

"யப்பா, நான் எப்பம் பிறந்தேன்?"

"காயிதத்துலதான் இருக்குல்லா."

"காயிதத்துல இதுவும் இருக்கு." இறப்புச் சான்றிதழை அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு ஆட்டை விட்டார். அது நொண்டிக்கொண்டே கூட்டத்தில் போய்ச் சேர்ந்தது.

"ஒளிக்க என்ன இருக்கு?" என்றார் கடைசியில். "நாங்க எப்போதும்வென்றான் ஊர்ப்பக்கம் கிடை போட்டுருந்தோம். வெள்ளாமை எடுத்த காட்டுல ஆட்டை அடைச்சு, கூடாரம் போட்டுக் கெடப்போம்லா, அங்கன வச்சுப் பிறந்தவ நீ. ஆஸ்பத்திரியும் இல்ல, காயிதமும் இல்ல. உனக்குப் பெறகு ஒண்ணு பிறந்துச்சு. அது ஆஸ்பத்திரியில. காயிதம் குடுத்தாவ. பிள்ளை தங்கல, காயிதம் தங்கிட்டு."

"பெறகு?"

"அஞ்சாறு வருஷம் கழிச்சு உன்னைய சேக்கப் போனா, பள்ளிக்கூடத்துல காயிதம் இல்லாம முடியாதுன்னுட்டாவ. வீட்டுல பேரு எழுதாத காயிதம் ஒண்ணு கெடந்துச்சு. பேரு வச்ச பிள்ளை ஒண்ணு நின்னுச்சு. ரெண்டையும் சேத்தேன். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்று அவர் சொன்ன விதத்தில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. கிழிந்த சாக்கைத் தைத்தேன் என்று சொல்கிற மாதிரி சொன்னார். அதுதான் இந்துஜாவுக்குத் தாங்கவில்லை.

"எனக்கு நிஜமா எத்தனை வயசு?"

"சுனாமி வந்துச்சுல்லா, அதுக்கு மூணு நாளைக்கு முந்தி. வியாழக்கெழம விடியக்காலம்."

2004, டிசம்பர் 23. இருபத்தொன்று முடிந்து எட்டு மாதம். கோழிக்கோட்டுக் கிளப் கேட்ட வயதை அவள் போன வருடமே தாண்டிவிட்டாள்.

"சரி, தெரிஞ்சுட்டு. தெரிஞ்சதை அப்படியே மனசுல வச்சுக்கோ" என்றார் சங்கரபாண்டியன். "பதினஞ்சு வருஷமா ஓடுன வண்டி. யாருக்குத் தெரியும்? கோயில்பட்டி ஆபீஸ்காரி கோழிக்கோட்டுக்கு உன் பின்னாலயே வரப்போறாளா?"

"எனக்குத் தெரியும்லாப்பா."

"உனக்குத் தெரிஞ்சா என்ன?"

"பந்து கோட்டைத் தாண்டுச்சா இல்லையான்னு முதல்ல தெரியுறது எனக்குத்தான். ரெஃபரிக்குக்கூட பெறகுதான் தெரியும். தாண்டுன பந்தை இழுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டு, இல்லன்னு சொல்லிட்டு மூணு வருஷம் நிக்க முடியாதுப்பா. ஒவ்வொரு மேட்சுலயும் அதே நெனப்பு வரும். நெனப்பு வந்தா பந்து வராது."

"அதெல்லாம் பேச்சு!" அவர் எழுந்துவிட்டார். "உன் பொழப்புல நீயே மண்ணள்ளிப் போடுத. அப்பன் பொய் சொன்னவன்னு ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கப் போறியா? இந்தக் காட்டுல கெடந்து, இந்தப் புழுக்கையில உருண்டு உருண்டு படிச்ச வெளையாட்டுட்டி இது! யாரும் சும்மா தூக்கிக் குடுக்கல!"

அது உண்மை. கரிசல் மண் காய்ந்தால் செங்கல், நனைந்தால் பசை. அதில் பாய்ந்து விழுந்தால் எலும்புதான் மிஞ்சும். ஆடு அடைத்த இடத்தில் மட்டும் மண் மெத்தென்று இருக்கும். பத்து வயதில் அவள் பாயக் கற்றது அங்கேதான். பந்தை எறிந்தவரும் இதே அப்பாதான். பொழுது சாயும்வரை எறிவார். அந்த நாட்களுக்காக அவள் அவரை இந்த நிமிடமும் நேசித்தாள். கோபத்தோடுதான் நேசித்தாள்.

"அதனாலதாம்ப்பா கேக்கேன். எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். என் கை நல்ல கையா, இல்ல மத்த பிள்ளைகளைவிட ஒன்றரை வருஷம் மூத்த கையா? என் வயசுக்காரிக நடுவுல நின்னாத்தான் அது தெரியும்."

சங்கரபாண்டியன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நீ வேற காயிதம் எழுதினா, அதுல என் கையெழுத்து இருக்காது. பாத்துக்கோ."

"சரிப்பா."

"ஆட்டை நீ பத்திட்டு வா" என்று கம்பை அவள் கையில் திணித்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஆடுகளைப் பட்டிக்குத் திருப்பிவிட்டு, இந்துஜா போனை எடுத்தபோது மணி மூன்று இருபது. கிளப்பின் மேனேஜர் சத்யபிரியா தூத்துக்குடிக்காரி. இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"என்ன இந்துஜா, பேப்பர் ரெடியா?"

இந்துஜா சுற்றி வளைக்கவில்லை. கிடையில் பிறந்தது, தங்கச்சி பிறந்தது, இறந்தது, பெயரில்லாத சான்றிதழ், ஒன்றாம் வகுப்பு. நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல" என்றாள் சத்யபிரியா மெதுவாக. "இங்கன சிக்னல் சரியில்ல. புரியுதா? அஞ்சு மணிக்குள்ள பேப்பரை அனுப்பு. நான் ஃபைல்ல வச்சுருதேன்."

அன்போடுதான் சொன்னாள். அந்த அன்புதான் ஆபத்தாக இருந்தது. ஒரு 'சரி மேடம்' போதும். அடுத்த வாரம் ரயிலேறிவிடலாம். புல் தரை, மின்விளக்கு மைதானம், சொந்தப் பெயர் பொறித்த சட்டை. இந்துஜாவின் நாக்கு அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் போய்விட்டுத் திரும்பி வந்தது.

"மறுபடியும் சொல்லுதேன், மேடம். கேளுங்க."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? இந்த ஒப்பந்தம் போயிரும். பழைய போட்டியெல்லாம் தோண்டுவாங்க. ஒரு வருஷம், ரெண்டு வருஷம் தடை போட்டாலும் போடலாம். உன் தப்பு இல்லன்னு நான் சொல்லலாம், அவ்வளவுதான் என்னால முடியும்."

"ரெண்டு வருஷம் போட்டாலும் அப்பம் எனக்கு இருபத்திமூணுதான். கோல்கீப்பர் முப்பத்தஞ்சு வரைக்கும் நிக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்."

"அப்பம் எனக்கு நேரம் இருக்கு, மேடம். பெரியவங்க டீமுக்கு எப்பமாவது ஆள் எடுத்தா என்னையும் கூப்பிடுங்க. என் வயசோட வந்து நிக்கேன். பிடிக்கலன்னா அனுப்பிருங்க."

"எழுதி அனுப்பு" என்றாள் சத்யபிரியா, குரல் மாறி. "அப்பா, அம்மா கையெழுத்தோட. கமிட்டி உக்காந்திருக்கு. இன்னைக்கே முன்னால வச்சுருதேன். அஞ்சு மணி."

*

வீட்டுக்குள் வேலுத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்துஜா எதிரே போய் உட்கார்ந்து இரண்டு தாளையும் தரையில் வைத்தாள்.

வேலுத்தாய் பிறப்புத் தாளைத் தொடவில்லை. இறப்புத் தாளை எடுத்து, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தன் பெயரை மட்டும் தெரியும். அது எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதன் மேல் விரலை நிறுத்தினாள்.

"நீ கோயில்பட்டி போனா தெரிஞ்சுக்கிடுவேன்னு நெனச்சேன்" என்றாள். "என் வாயால சொல்ல முடியலட்டி. அதான் போயிட்டு வா, போயிட்டு வான்னு அனுப்பினேன்."

"இத்தனை வருஷமா ஏம்மா பேசாம இருந்த?"

"அன்னைக்குப் பேசினேன். அது அவ காயிதம், எடுக்காதீங்கன்னேன். 'அவளுக்கு இனிமே என்னத்துக்கு இது'ன்னாவ உங்கப்பா. நியாயந்தான? உனக்குப் பள்ளிக்கூடம் வேணும்லா. வாயை மூடிக்கிட்டேன்." வேலுத்தாய் கண்ணைத் துடைக்கவில்லை, அது பாட்டுக்கு வழிந்தது. "நீ ஒவ்வொரு கப்பு வாங்கிட்டு வரும்போதும் அந்தத் தேதியை வாசிப்பாவ. எனக்குச் சந்தோசமா இருக்கும். சந்தோசப்படுதோமேன்னு வருத்தமாவும் இருக்கும். இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட கையெழுத்துக் கேக்கல. இப்பம் கேட்டாவ. அவ பிறந்ததையே இல்லன்னு எழுதி அதுக்குக் கீழ நான் எப்படிட்டி போடுவேன்?"

இந்துஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இந்துஜா எழுந்து போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். மணி நாலு பத்து.

எழுதியதை வரி வரியாக வாசித்துக் காட்டினாள். "இந்துஜா ஆகிய நான் 23.12.2004 அன்று பிறந்தேன். எனக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. இதுவரை நான் காட்டிய சான்றிதழ் என்னுடையது இல்லை. இது எனக்கு இன்றுதான் தெரியும்."

"யாருதுன்னு எழுது" என்றாள் வேலுத்தாய்.

"என் தங்கச்சியோடதுன்னு எழுதுதேன்."

"பேரு போட்டு எழுது."

இந்துஜா நிமிர்ந்தாள். "பேரு வச்சீங்களாம்மா?"

"முப்பதாம் நாளு வச்சோம். பதியத்தான் இல்ல." வேலுத்தாயின் உதடு இரண்டு தடவை கூடிப் பிரிந்தது. இருபது வருடமாக அந்தப் பெயரை அவள் யாருக்கும் கேட்கச் சொன்னதில்லை. "தீபலட்சுமி."

இந்துஜா எழுதினாள். '10.7.2006 அன்று பிறந்தவள் என் தங்கை தீபலட்சுமி. நாற்பத்தொரு நாள் எங்களோடு இருந்தாள்.'

"வாசி."

வாசித்தாள்.

"இன்னொரு தடவை."

வாசித்தாள். வேலுத்தாய் பேனாவை வாங்கினாள். கண் நன்றாகத் தெரிந்தது. கை நடுங்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி, கோணாமல் தன் பெயரை எழுதி முடித்தாள். பக்கத்தில் அப்பாவின் இடம் காலியாக இருந்தது.

படம் எடுத்து அனுப்பியபோது மணி நாலு நாற்பது. ஐந்து நிமிடத்தில் சத்யபிரியாவிடமிருந்து பதில் வந்தது: 'கிடைச்சது. உள்ளே கொண்டு போறேன். போனைப் பக்கத்துல வச்சுக்கோ.'

"அப்பா கையெழுத்து இல்லாம ஒத்துக்கிடுவாங்களோ என்னமோ" என்றாள் இந்துஜா. "அப்பா வரவே இல்லையாம்மா?"

"வந்தாவ. ஒரு வார்த்தை பேசல. பெட்டியைத் திறந்து அந்தப் பழைய காயிதத்தை எடுத்து மடியில வச்சுக்கிட்டு வண்டியில போயிட்டாவ."

இந்துஜாவுக்குத் திக்கென்றது. "கிழிச்சுப் போட்டுருவாரோ? அந்த மூலக் காயிதத்தை அவங்க கேட்டா நான் எங்க போவேன்?"

"கிழிக்க மாட்டாவ." வேலுத்தாய் எழுந்து கொண்டையை முடிந்தாள். "எதுக்குப் போயிருக்காவன்னு எனக்குத் தெரியும். அவ காயிதத்தை அவகிட்டயே குடுக்கப் போயிருக்காவ. எடந்தான் தெரியாது."

"என்ன எடம்?"

"அவளைப் புதைக்கக் கொண்டுபோறப்ப என்னைய வர விடல. பச்ச உடம்புக்காரின்னு சொல்லிப்போட்டாவ. உங்கப்பா மட்டும் துண்டுல பொதிஞ்சு எடுத்துட்டுப் போனாவ. எங்கன வச்சாவன்னு நானும் கேக்கல, அவியளும் சொல்லல. கேட்டா அழுதுருவாவன்னு பயந்தே விட்டுட்டேன்." சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "இன்னைக்குக் கேக்கப் போறேன்."

வெளியே கரிசல் புழுதியில் வண்டித் தடம் அழுத்தமாக விழுந்திருந்தது. ஊர்ப் பாதையை விட்டு விலகி, உழுத காடுகளுக்கு நடுவே வடக்குப் பார்த்துப் போனது. அந்தப் பக்கம் வீடும் இல்லை, மேய்ச்சலும் இல்லை.

வேலுத்தாய் தடத்தைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். ஆறடிப் பெண்ணுக்கே அவளோடு சேர்ந்து நடக்கச் சிரமமாக இருந்தது.

இந்துஜாவின் கையில் போன் அடித்தது. கோழிக்கோட்டு எண்.

"எடுத்துப் பேசு" என்றாள் வேலுத்தாய், திரும்பிப் பார்க்காமல். "எதுன்னாலும் பேசிக்கிட்டே வா. நிக்காத. தீபலட்சுமிக்கு இன்னைக்கு அவ அக்காவைக் காட்டணும்."